ஆச்சியின் உப்பு மரவையும் ஒரு விரிசலின் சரித்திரமும்

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு ராத்திரி. மணி இரண்டு இருக்கும். மார்ச் என்றால் வங்கிக்காரனுக்குத் தூக்கம் ஏது? வருஷக் கணக்கு முடிக்கிற கவலையில் புரண்டு கொண்டிருந்தேன். ஹாலில் 'டப்' என்று ஒரு சத்தம். எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை, ஒன்றும் உடையவில்லை. பல்லி ஏதாவது தட்டிவிட்டிருக்கும் என்று திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் என் பெண்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, ஷோகேஸ்ல இருக்கற அந்த மரக் கிண்ணம் உடைஞ்சு போச்சு." உடையவில்லை, விரிந்திருந்தது. விளிம்பில் ஆரம்பித்து அடிப்பாகம் வரைக்கும் ஒரே கோடு. விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழையும்.

அது ஆச்சியின் உப்பு மரவை.

மரவை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரே மரக்கட்டையைக் கடைந்து செய்த கிண்ணம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அடுக்களைகளில் உப்பு, புளி, ஊறுகாய் எல்லாம் இதில்தான் இருக்கும். உப்பை இரும்பில் வைத்தால் துருப்பிடிக்கும், பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறும். மரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த மரவைக்கு ஒரு கதை உண்டு. கல்லிடைக்குறிச்சி வீட்டுக் கொல்லையில் தாத்தா வைத்த பலா மரம் ஒன்று இருந்தது. தாத்தா இறந்த அடுத்த ஐப்பசி மழையில் அது சாய்ந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. ஆச்சி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் இருந்து கடைசல் ஆசாரி ஒருவரை வரவழைத்து, இதில் எனக்கு ஒரு மரவை கடைந்து கொடு என்று கேட்டிருக்கிறாள்.

"பச்சை மரம்லா அம்மா. ஒரு வருஷம் கெடக்கட்டும். இப்பம் கடைஞ்சா வெடிச்சிரும்" என்றாராம் அவர்.

"ஒரு வருஷம் நான் கெடக்கணுமே" என்றாளாம் ஆச்சி. (அதற்கப்புறம் நாற்பது வருஷம் இருந்தாள் என்பது வேறு விஷயம்.)

ஆசாரி கடைந்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்து மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். இன்றைக்கே கல்லுப்பு ரொப்ப வேண்டும். வெயிலில் காட்டக் கூடாது. காலியாக வைக்கவே கூடாது. ஆச்சி அதை அப்படியே பிடித்துக் கொண்டாள். அவளுக்குப் பிறகு அம்மா. ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த மரவை ஒரு நாள்கூடக் காலியாக இருந்ததில்லை.

வீட்டை விற்றபோது ஆளுக்கொரு பொருள் எடுத்துக் கொண்டோம். நான் மரவையைக் கேட்டு வாங்கினேன். தாணேவுக்குக் கொண்டுவந்து என்ன செய்தேன் தெரியுமா? பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு உப்பெல்லாம் போகும்படி மூன்று தடவை கழுவினேன். பால்கனியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஹால் ஷோகேஸில், நேராக ஏ.சி. காற்று படுகிற இடத்தில், காலியாக வைத்தேன். மூன்று நிபந்தனையையும் மீறினேன். வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகக் காட்டினேன்.

விரிசல் விட்ட விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "உப்பு போட்டு வச்சிருந்தியாப்பா?"

"இல்லம்மா, அழகுக்கு ஷோகேஸ்ல வச்சிருந்தேன்."

"காலியாவா வச்சே?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் பி.காம். படித்தவன். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மர வியாபாரிக்குக் கடன் கொடுக்கும்போது கிடங்கில் இருப்பைச் சரிபார்ப்பது மட்டும்தான். ஆனால் அம்மாவின் கேள்வி விடவில்லை. உப்புக்கும் விரிசலுக்கும் என்ன சம்பந்தம்? ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்துத் தெரிந்து கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிண்ணம் வெடிக்காமல் இருக்க மனிதன் பட்ட பாட்டுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது.

முதலில், மரம் ஏன் வெடிக்கிறது?

வெட்டின பச்சை மரம் முழுக்கத் தண்ணீர். சில மரங்களில் காய்ந்த மரத்தின் எடையைவிடத் தண்ணீரின் எடை அதிகம். இந்தத் தண்ணீர் இரண்டு வகை. மரத்தின் நுண்ணறைகளுக்குள் குழாயில் நிற்கிற மாதிரி நிற்பது ஒன்று. அறைகளின் சுவருக்குள்ளேயே ஊறி இருப்பது இன்னொன்று. முதலில் குழாய்த் தண்ணீர் போகும். அது போகும்வரை மரம் சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுவரில் இருக்கிற தண்ணீர் வெளியேற ஆரம்பிக்கும். அப்போதுதான் சுருக்கம்.

சுருங்குவதும் ஒரே சீராக இல்லை. நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருக்கமே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம் சுருங்கும். ஆண்டு வளையத்தைச் சுற்றிய திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. புது வேட்டியைத் தண்ணீரில் நனைத்ததும் நீளம் சுருங்கிப் போகிறது, ஆனால் இடுப்பு அப்படியே இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். சுற்றினால் முனையும் முனையும் எட்டாது. நடுவே இடைவெளி விழும். உருண்டைக் கட்டையில் அந்த இடைவெளிதான் விரிசல்.

இதோடு இன்னொரு தொல்லை. வெளிப்புறம் முதலில் காயும். உள்ளே இன்னும் ஈரம். வெளியே இருப்பது சுருங்கப் பார்க்கும், உள்ளே இருப்பது விடாது. நார் வெட்டுப்பட்ட முனைகளில் தண்ணீர் மற்ற பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும். அதனால் விரிசல் பெரும்பாலும் முனையில்தான் ஆரம்பம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டெபாசிட் போட்டவர்கள் தவணை தவணையாக வந்து பணம் எடுத்தால் எந்த வங்கியும் தாங்கும். எல்லோரும் ஒரே நாள் காலையில் வாசலில் நின்றால் எவ்வளவு பெரிய வங்கியும் வெடித்துவிடும். மரமும் அப்படித்தான். தண்ணீர் போவதால் வெடிப்பதில்லை, அவசரமாகப் போவதால் வெடிக்கிறது.

சரி, இவ்வளவு தொல்லை இருக்கிறதே, காய்ந்த மரத்தையே கடையலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். விடை நம் தமிழிலேயே இருக்கிறது. தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் நாம் ஒரே வினைச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். மோட்டார் வருவதற்கு முன்னால் இரண்டும் ஒரே வேலைதான். மத்தைக் கயிறு சுற்றி இழுக்கிற மாதிரி, கட்டையில் கயிறு சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுப்பார். கட்டை இப்படியும் அப்படியும் சுழலும். இன்னொருவர் உளியைப் பிடிப்பார். கை பலத்தில் ஓடுகிற இந்தக் கடைசலில் காய்ந்த பலாவையோ வேம்பையோ வைத்தால் உளிதான் மழுங்கும். பச்சை மரம் வெண்ணெய் மாதிரி சீவிக் கொண்டு வரும். ஆகவே பச்சையாகக் கடைவது ஆச்சி மாதிரி அவசரக்காரர்களின் ஆசை மட்டும் இல்லை. உலகம் முழுவதும் பழைய கடைசல்காரர்களுக்கு அதுதான் வழி.

இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் காப்பர்கேட் என்று ஒரு தெரு. பெயரைப் பார்த்தால் செம்புத் தெரு என்று தோன்றும். ஆனால் அது வைக்கிங்குகளின் பழைய மொழியில் கோப்பை செய்பவர் தெரு என்று பொருள்படும் பெயர். 1976 முதல் 1981 வரை அங்கே தோண்டியபோது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மரக் கிண்ணங்களும், கிண்ணத்தின் உட்புறத்தைக் குடைந்தபோது மிஞ்சிய குமிழ்க் கட்டைகளும் சேற்றுக்குள் அழியாமல் கிடைத்தன. அங்கேயும் காலால் மிதித்து இப்படியும் அப்படியும் சுழற்றுகிற கடைசல்தான்.

அந்தப் பரம்பரை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் வந்திருக்கிறது. பக்கிள்பரி என்ற ஊரில் ஜார்ஜ் லெய்லி என்று ஒருவர், மிதி கடைசலில் எல்ம் மரக் கிண்ணம் செய்து கொண்டிருந்தார். 1958இல் இறந்தார். ஒரே கட்டையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கிண்ணங்களைக் குடைந்தெடுப்பது அவர் வித்தை. அவருடைய கடைசல் இப்போது ரெடிங் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த மாதிரிக் கிண்ணங்கள் வெடிக்காமல் இருக்க எளிய வழி, சுவரை மெல்லிசாகக் கடைவது. தடித்த கட்டையில்தான் உள்ளுக்கும் வெளிக்கும் சண்டை. மெல்லிய சுவரில் இரண்டு பக்கமும் சேர்ந்து காயும். கிண்ணம் வெடிப்பதற்குப் பதில் கோணிக் கொள்ளும். வட்டமாகக் கடைந்தது காய்ந்தபின் முட்டை வடிவமாகிவிடும். இதைப் படித்ததும் ஓடிப் போய் ஆச்சியின் மரவையை ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு பக்கம் விட்டம் ஒன்பது அங்குலம். குறுக்கே எட்டரை! சின்ன வயதில் அதன் மூடியை ஒரு பக்கமாகத் திருப்பினால்தான் சரியாக உட்காரும். ஆசாரி சரியாகச் செய்யவில்லை என்று நினைத்திருந்தேன். ஆசாரி வட்டமாகத்தான் செய்திருக்கிறார். பலா மரம்தான் தன் வழியில் சுருங்கியிருக்கிறது.

மெல்லிசாகக் கடைவது ஒரு வழி. வேறு என்ன வழிகள் இருந்தன?

முதலாவது, காத்திருப்பது. கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் பிரசித்தம். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்கு ஆச்சா மரம். அதுவும் புதிதாக வெட்டின மரம் இல்லை. இடித்த பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குவார்கள். இரண்டு மூன்று தலைமுறை ஒரு கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம். இனிமேல் சுருங்க அதில் ஒன்றும் பாக்கி இல்லை. வங்கிக்காரனாக எனக்குப் பிடித்த முறை இதுதான். முதிர்வுத் தேதிக்கு முன்னால் கை வைப்பதே இல்லை :-)

மலபாரிலும் பர்மாவிலும் தேக்கை வெட்டுவதற்கு முன்னாலேயே காயவைத்தார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, மரத்தை நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் விட்டுவிடுவார்கள். நின்றபடியே மெல்லக் காயும். ஆற்றில் மிதக்கிற அளவுக்கு எடையும் குறையும். இந்த மலபார் தேக்குதான் நம்ம பம்பாய்க் கப்பல் துறைக்கு வந்தது. பார்சி வாடியா குடும்பத்தார் அதில் கட்டிய டிரிங்கோமாலி கப்பல் 1817இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. இருநூறு வருஷம் தாண்டி இன்றும் இங்கிலாந்தில் ஹார்டில்பூல் துறையில் தண்ணீரில் மிதக்கிறது.

இரண்டாவது, சுருங்கினாலும் சண்டை போடாத மரமாகப் பார்த்து எடுப்பது. பெங்களூர் மைசூர் சாலையில் சென்னப்பட்டணம் பொம்மைகள், ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்கா பொம்மைகள் இரண்டுக்கும் ஒரே மரம்தான். நாம் தோல் வியாதிக்கு எண்ணெய் காய்ச்சுகிற வெட்பாலை. வெள்ளையாக, நுண்ணிய சீரான நாருடன், மென்மையாக இருக்கும். வெட்டி இரண்டு மூன்று மாதம் காற்றில் காயவைத்தால் கடைசலுக்குத் தயார். கடைந்து கொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகிப் பூசிக் கொள்ளும். தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு. அழகுக்கு அழகு, ஈரம் சட்டென்று போகாமலும் வராமலும் ஒரு காப்பு.

மூன்றாவது, இரண்டு தடவை கடைவது. இன்றைக்கும் உலகமெங்கும் கிண்ணம் கடைபவர்கள் செய்வது இதைத்தான். பச்சையாக இருக்கும்போது முரடாகக் கடைந்து, சுவரைத் தடிமனாக விட்டுவிடுவது. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலச் சுவர் என்பது பொதுக் கணக்கு. கட்டையின் நடுக்குருத்து கிண்ணத்துக்குள் வராதபடி முதலிலேயே வெட்டித் தள்ளிவிட வேண்டும். விரிசலுக்குப் பிறப்பிடமே அதுதான். முனை நார் தெரிகிற விளிம்பில் மெழுகு பூசுவார்கள். பிறகு காகிதப் பையிலோ, கடைந்த சீவலுக்குள்ளேயோ புதைத்து, காற்றோட்டம் குறைந்த நிழலான இடத்தில் மாதக்கணக்கில் விட்டுவிடுவது. காய்ந்து கோணிக் கொண்டபின் மறுபடி கடைசலில் ஏற்றி வட்டமாக்குவது. அந்தத் தடித்த சுவர் எதற்கென்றால், கோணினதைச் சீவித் திருத்துவதற்கு.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? வாரா வாரம் எடை போட்டு எழுதி வைக்க வேண்டும். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மரத்துக்கும் பாஸ்புக் உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஜப்பானில் யமனகா என்ற ஊரில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மரக் கிண்ணம் கடைகிறார்கள். முரடாகக் கடைந்த கிண்ணங்களை அடுக்கி, கடைந்த சீவலையே எரித்து, அந்தப் புகையின் இளஞ்சூட்டில் காயவைக்கிறார்கள். பிறகு சில காலம் சும்மா காற்றில் வைத்து, அதற்கப்புறம்தான் இறுதிக் கடைசல். படித்ததும் எனக்குக் கல்லிடைக்குறிச்சி அடுக்களைப் பரண் ஞாபகம் வந்தது. புது உலக்கை, அகப்பைக் காம்பு எது வந்தாலும் ஆச்சி முதலில் அடுப்புக்கு மேலே பரணில்தான் போடுவாள். புகை பட்டுப் பட்டுக் கறுத்த பிறகுதான் கீழே இறங்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

நான்காவது வழிதான் விசித்திரம். தண்ணீரை வெளியே விடாமல், அதன் இடத்தில் வேறு ஒன்றை உட்கார வைப்பது.

ஸ்வீடனில் வாசா என்ற போர்க்கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 1961இல் முழுசாக வெளியே எடுத்தார்கள். 333 வருஷம் தண்ணீரில் ஊறிய ஓக் மரம். அப்படியே காற்றில் விட்டிருந்தால் வெடித்துச் சிதறியிருக்கும். 1950களில் அமெரிக்காவில் மேடிசன் நகர மரப்பொருள் ஆய்வகத்தில் ஆல்ஃபிரெட் ஸ்டாம் என்ற வேதியியல் விஞ்ஞானி பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளை ஆராய்ந்து கொண்டிருந்தார். தண்ணீரில் கரையும், ஆனால் ஆவியாகப் போகாது. பச்சை மரத்தை அந்தக் கரைசலில் ஊறவைத்தால் அது அறைச் சுவருக்குள் போய் உட்கார்ந்து கொள்ளும். பிறகு தண்ணீர் போனாலும் சுவர் சுருங்காது. வாசாவின் மேல் இந்தக் கரைசலைப் பதினேழு வருஷம் தெளித்தார்கள். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலுக்கும் இதே வைத்தியம். அதற்குள் மாலுமிகள் சாப்பிட்ட மரக் கிண்ணங்கள் நிறைய இருந்தன. 1970களில் அமெரிக்காவில் வீட்டில் கிண்ணம் கடைகிற பொழுதுபோக்குக்காரர்களும் இந்தக் கரைசலை வாங்கி, முரட்டுக் கிண்ணங்களை வாரக்கணக்கில் ஊறவைக்க ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அதே மேடிசன் ஆய்வகத்தில் அதற்கு முன்னால், 1930, 40களில், வேறு ஒரு பொருளைச் சோதித்துக் கொண்டிருந்தார்கள். சாதா உப்பு.

விஷயம் இதுதான். பச்சை மரத்தின் மேல்பகுதியில் உப்பு ஊறிவிட்டால் அது ஈரத்தைச் சட்டென்று விடாது. வெளிப்பக்கம் ஈரமாகவே, சுருங்காமல் இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் அதன் வழியாக மெல்ல மெல்ல வெளியேறும். வெளியே சுருக்கம் முந்திக் கொள்ளாததால் உள்ளுக்கும் வெளிக்கும் சண்டை இல்லை. விரிசல் இல்லை. உப்பின் குறைகளையும் அவர்கள் கண்டார்கள். இரும்பு பட்டால் துருப்பிடிக்கும். ஈரக் காற்றில் மரம் வேர்த்துக் கொட்டும். உப்பு மரவைக்கு ஐப்பசியில் வேர்க்கும், அடியில் ஒரு பழந்துணி விரித்துத்தான் வைப்போம் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

அம்பாசமுத்திரத்து ஆசாரி ஆராய்ச்சிக் கட்டுரை படித்திருக்க மாட்டார். அவருக்கு அவர் அப்பா சொல்லியிருப்பார். அவருக்கு அவர் அப்பா. ஈரச் சாக்கு, கல்லுப்பு, நிழல், காலியாக வைக்காதே. நான்கு சொல்லில் முழு வைத்தியம்.

நம் நாட்டில் இதையெல்லாம் முறையாக எழுதி வைக்கும் வேலையும் நடந்தது. 1906இல் டேராடூனில் தொடங்கிய வன ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய மரங்கள் ஒவ்வொன்றும் எப்படிக் காய்கின்றன என்று சோதித்து, மூன்று வகையாகப் பிரித்தார்கள். சுலபமாக வெடிக்கிறவை, நடுத்தரம், சொன்னபடி கேட்பவை. சால் மரம் முதல் வகை, தேக்கு நடுத்தரம், இலவு மூன்றாவது. இந்தியத் தர நிர்ணயத்தில் நாட்டையே காற்றின் ஈரப்பதத்தை வைத்து நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த மண்டலத்தில் உபயோகிக்கப் போகிறோமோ அந்த அளவுக்கு மரத்தைக் காயவைக்க வேண்டும் என்பது விதி. எல்லாம் கதவு, ஜன்னல், மேஜை, ரயில் கட்டைக்கு. மரவைக்கு யாரும் விதி எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

என் தவறு எங்கே என்று இப்போது கணக்காகச் சொல்ல முடியும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் மரத்தில் சுமார் 16 சதவீத ஈரம் நிற்கும். 40 சதவீதமானால் சுமார் 8தான். உப்பு ஊறிய மரம் ஈரக் காற்றில் அதற்கும் மேலேயே வைத்துக் கொள்ளும். நான் உப்பையும் கழுவி எடுத்து, வெயிலிலும் காட்டி, ஏ.சி. காற்றிலும் வைத்தேன். ஐம்பது வருஷமாக அது போட்டு வைத்திருந்த சேமிப்பை ஒரே மாதத்தில் எடுத்துவிட்டேன். பச்சை மரமாக இருந்தபோது வரவேண்டிய விரிசல், ஐம்பது வருஷம் ஒத்திவைக்கப்பட்டு, தாணேயில் மார்ச் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது.

இங்கே ஒரு தச்சரிடம் காட்டினேன். பசையும் மரத்தூளும் கலந்து அடைத்து, தேய்த்துப் பாலிஷ் போட்டால் தெரியவே தெரியாது என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடைத்துவிட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பும்போது போக இடமில்லாமல் வேறு இடத்தில் பிளக்கும் என்று அதற்குள் தெரிந்திருந்தது.

கல்லுப்பு வாங்கி வந்தேன். முலுண்டில் மிட்டாகர் ரோடு என்று ஒன்று இருக்கிறது. மிட்டாகர் என்றால் மராத்தியில் உப்பளம். இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் உப்பு விளைந்த பூமி. ஆனால் நான் மாட்டுங்காவில் நம் ஆள் கடையில் வாங்கினது தூத்துக்குடி உப்பு. மரவைக்குத் தெரிந்த உப்பாக இருக்கட்டுமே.

ஷோகேஸிலிருந்து எடுத்து அடுக்களை மேடையில், அடுப்பிலிருந்து தள்ளி, பழந்துணி விரித்து வைத்தேன். விளிம்பு வரை ரொப்பினேன். விரிசல் வழியாக இரண்டு கல் வெளியே உருண்டது. மனைவி ஒன்றும் சொல்லாமல் எடுத்து உள்ளே போட்டாள்.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தது. தாணே மழை உங்களுக்குத் தெரியும், துவைத்த துணி நாலு நாள் ஆனாலும் காயாது. ஜூலை நடுவில் ஒரு நாள் நாணயத்தை எடுத்து விரிசலில் வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. விசிட்டிங் கார்டு மட்டும் நுழைந்தது. ஆகஸ்டில் கார்டும் முக்கி முக்கித்தான் போனது. தீபாவளிக்கு அப்புறம் மறுபடி கொஞ்சம் திறந்தது. நாணயம் நுழைகிற அளவுக்கு இல்லை. என் பெண் இப்போது பள்ளிக்கூட நோட்டில் மாதா மாதம் குறித்துக் கொண்டு வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் வந்தாள். ஊர் விஷயம் எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகும்போது கேட்டாள்.

"மரவை காலியா இல்லையே?"

"இல்லம்மா. ரொம்பி இருக்கு."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.